குரு பூர்ணிமாவை முதன்முறையாகக் கடைப்பிடிப்போருக்கு ஒரு வழிகாட்டி

அண்மையில் ஒரு குருவை அடைந்து உபதேசம் பெற்றவர்களும், ஒரு மடத்துக்கோ ஆசிரமத்துக்கோ சில மாதங்களாகச் சென்று வருபவர்களும், குரு பூர்ணிமா நெருங்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, “என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கும் இக்கட்டுரையில் விடை உண்டு. ஆனால் அதற்கு முன்பே தெளிவாக வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: குருவிடமிருந்து இதுவரை நமக்குக் கிடைத்தது என்ன? இதற்குக் குறிப்பான விடை சொல்லத் தெரிந்தவருக்கு அந்த நாளின் பூஜை, நமஸ்காரம், காணிக்கை, சேவை ஆகிய யாவும் இயல்பாக அமைந்துவிடும். அதனால் இவ்வழிகாட்டி, கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவற்றிலிருந்து தொடங்குகிறது.

நாளைச் சரியாக அறிதல்

குரு பூர்ணிமா என்பது, சந்திரனின் ஓட்டத்தைக் கொண்டு கணக்கிடும் சாந்திரமான முறையில் வரும் ஆஷாட மாதத்துப் பௌர்ணமி. தமிழ் மாதங்கள் சூரியனின் பெயர்ச்சியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், இந்தப் பௌர்ணமி சில ஆண்டுகளில் ஆனியிலும் சில ஆண்டுகளில் ஆடியிலும் வரும். 2024இல் ஜூலை 21 அன்று ஆடியில் வந்தது. 2025இல் ஜூலை 10 அன்று ஆனியிலேயே வந்துவிட்டது. 2026இல் ஜூலை 29, புதன்கிழமை, மீண்டும் ஆடியில் வருகிறது. ஆகவே நாட்காட்டியில் ஆடிப் பௌர்ணமியைத் தேடி அதையே குறித்து வைத்துக்கொள்பவர்கள் சில ஆண்டுகளில் ஒரு மாதம் பிந்திவிடுவார்கள். பஞ்சாங்கத்தில் குரு பூர்ணிமா, வியாச பூர்ணிமா, வியாச பூஜை ஆகிய பெயர்களில் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்ப்பதே சரி. பௌர்ணமித் திதி இரண்டு நாள்களில் பரவி நிற்கும் ஆண்டுகளில் எந்த நாளை எடுத்துக்கொள்வது என்ற ஐயம் எழும். அப்போது நாமாக முடிவு செய்யாமல், நம் குருவின் மடத்திலோ ஆசிரமத்திலோ எந்த நாளில் பூஜை நடக்கிறதோ அந்த நாளையே பின்பற்ற வேண்டும்.

வேத வியாசர் அவதரித்த நாள் இது என்பது மரபு. பராசரருக்கும் சத்தியவதிக்கும் மகனாகப் பிறந்த அவர், வேதத்தை நான்காக வகுத்து, ரிக் வேதத்தைப் பைலருக்கும், யஜுர் வேதத்தை வைசம்பாயனருக்கும், சாம வேதத்தை ஜைமினிக்கும், அதர்வ வேதத்தைச் சுமந்துவுக்கும் கற்பித்தார். அந்த நால்வரும் தாம் கேட்டதைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்ததால்தான் வேதம் அழியாமல் நின்றது. புதியவர்கள் இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. சீடன் குருவுக்குச் செலுத்தக்கூடிய மிகப் பெரிய நன்றி, பெற்றதைக் காப்பாற்றுவதும் கைமாற்றிக் கொடுப்பதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. புத்தர் சாரநாத்தில் ஐந்து துறவியருக்கு முதல் உபதேசம் செய்ததும் இதே பௌர்ணமியில் என்பதால், பௌத்தர்களுக்கும் இது புனித நாளாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் எல்லாச் சம்பிரதாயங்களும் குரு பூர்ணிமாவையே முதன்மை நாளாகக் கொள்வதில்லை. சைவத்தில் அடியார்கள் முத்தியடைந்த நட்சத்திரத்தில் குருபூசை நடக்கும். திருநாவுக்கரசருக்குச் சித்திரைச் சதயம், திருஞானசம்பந்தருக்கு வைகாசி மூலம், மாணிக்கவாசகருக்கு ஆனி மகம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி. வைணவர்கள் ஆழ்வார், ஆசாரியர்களின் அவதாரத் திருநட்சத்திரத்தைக் கொண்டாடுவார்கள்; நம்மாழ்வாருக்கு வைகாசி விசாகமும் இராமானுசருக்குச் சித்திரைத் திருவாதிரையும் அத்தகைய நாள்கள். உங்கள் குருமரபில் அத்தகைய நாள் முதன்மையாக இருந்தால் அதையே முதன்மையாகக் கொள்ளுங்கள். கீழே சொல்லும் முறைகளில் பெரும்பாலானவை அந்த நாளுக்கும் பொருந்தும்.

ஒரு வாரம் முன்னதாக: பெற்றதை எழுதுதல்

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, குருவிடமிருந்து கேட்டவற்றில் உங்கள் வாழ்க்கையை உண்மையாகவே மாற்றியவற்றை மட்டும் எழுதுங்கள். “ஞானம் தந்தார்”, “வழிகாட்டினார்” போன்ற பொதுவான சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். அவர் என்ன சொன்னார், எப்போது சொன்னார், அதன்பின் நீங்கள் எதை வேறுவிதமாகச் செய்யத் தொடங்கினீர்கள் என்ற மூன்றும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்க வேண்டும். கோபம் வந்தால் அன்றிரவு யாருக்கும் பதில் எழுதாதே என்று அவர் ஒருமுறை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லால் உங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடக்காமல் போயிருக்கலாம். ஜபத்துக்கு உட்கார்ந்தபின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதே என்று அவர் வேறொருவரிடம் சொன்னது உங்கள் காதில் விழுந்து, நெடுநாள் தடுமாற்றம் நீங்கியிருக்கலாம். இத்தகைய சிறிய செய்திகளே நன்றிக்கு உருவம் கொடுக்கின்றன.

எழுதும்போது, கேட்டும் இன்னும் கடைப்பிடிக்காத உபதேசங்களும் நினைவுக்கு வரும். அவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் பின்னால் சங்கல்பம் செய்யும்போது தேவைப்படும்.

இந்தக் குறிப்புகளிலிருந்து குருவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். நேரில் பேச வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கும், நேரில் நின்றால் நாவெழாதவர்களுக்கும் கடிதமே சிறந்த வழி. ஐந்தாறு வரிகள் போதும். பெயரையும் ஊரையும் எழுதி, “சுவாமிகளின் திருவடிகளுக்கு அனந்த கோடி நமஸ்காரம்” என்றோ, உங்கள் மரபில் வழங்கும் வேறு தொடரைக் கொண்டோ தொடங்குங்கள். அடுத்து ஒரே ஒரு உபதேசத்தைக் குறிப்பிட்டு, அதனால் நேர்ந்த மாற்றத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். அதைத் தொடர்ந்து கடைப்பிடிக்க அருள வேண்டும் என்று முடித்துவிடுங்கள். வேலை கிடைக்க வேண்டும், திருமணம் கூட வேண்டும், நோய் தீர வேண்டும் போன்ற வேண்டுதல்கள் குருவிடம் சொல்லத் தக்கவையே. ஆனால் அவற்றுக்கு வேறொரு நாள் வேறொரு கடிதம் எழுதலாம். நன்றி மட்டுமே தாங்கி வரும் கடிதம் ஆண்டில் ஒன்றாவது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும். மிகைப் புகழ்ச்சியும் வேண்டாம். சீடன் திருந்திய செய்தியைக் கேட்டு மகிழ்வதைப் போல் அடைமொழிகளைக் கேட்டு எந்த நல்ல ஆசிரியரும் மகிழ்வதில்லை.

வீட்டில் பூஜை செய்யும் முறை

அதிகாலையில் நீராடி, பூஜை இடத்தைத் துடைத்துக் கோலமிட்டு, ஒரு மனைப்பலகையின் மேல் தூய துணி விரித்துக் குருவின் படத்தையோ பாதுகையையோ எழுந்தருளச் செய்யுங்கள். படம் இல்லையென்றால் விளக்கையே குருவாகக் கருதி வழிபடலாம். முதலில் விநாயகரை வணங்கி, பிறகு குருபரம்பரையை நினைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியமானது: நம் குருவுக்கு முன்னே அவருடைய குரு, அவருக்கு முன்னே அவருடைய குரு என்று மேலே ஏறிச் சென்று வணங்கிவிட்டு, இறுதியில் நம் குருவிடம் வந்து நிற்பது மரபு. ஸ்மார்த்தர்கள் (சங்கரர் மரபைப் பின்பற்றுவோர்) சதாசிவரில் தொடங்கி, ஆதி சங்கரரை நடுவில் வைத்து, தம் ஆசாரியர் வரை வணங்கும் சுலோகத்தைச் சொல்வார்கள். வைணவர்கள் திருமாலில் தொடங்கும் சுலோகத்தையும் தங்கள் ஆசாரியரின் தனியன் என்னும் துதிப் பாடலையும் சொல்வார்கள். சைவர்களுக்குத் தட்சிணாமூர்த்தியே ஆதி குரு. கல்லால மரத்தின் கீழ் சனகர் முதலிய நால்வருக்கு மௌனமாகவே உண்மையை உணர்த்தியவர் அவர்.

வடமொழி உச்சரிப்பு வராதவர்கள் தயங்க வேண்டியதில்லை. திருமந்திரத்தில் “தெளிவு குருவின் திருமேனி காண்டல்” என்று தொடங்கும் பாடல் நான்கே வரிகளில் அமைந்தது. குழந்தைகளும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யலாம். குருவின் திருமேனியைக் காண்பது, திருநாமத்தைச் சொல்வது, திருவார்த்தையைக் கேட்பது, திருவுருவைச் சிந்திப்பது என்ற நான்கையும் திருமூலர் அதில் வரிசைப்படுத்துகிறார். வீட்டுப் பூஜையை இந்த நான்கைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாம். சிறிது நேரம் படத்தைப் பார்த்திருங்கள். நூற்றெட்டு முறை குருநாமத்தைச் சொல்லிப் பூவோ அட்சதையோ இடுங்கள். அவருடைய உபதேசம் ஒன்றை உரக்கப் படிக்க, குடும்பத்தார் அனைவரும் கேட்கட்டும். பிறகு கண்களை மூடி அமைதியாக உட்காருங்கள். பூஜையில் பலரும் விரைந்து கடந்துவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். நைவேத்தியமும் தீபாராதனையும் முடிந்தபின் கால் மணி நேரமாவது அசையாமல் இருப்பது, மற்ற எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஆதி சங்கரரின் சீடர்களில் ஒருவரான கிரியைப் பற்றிய செய்தியை அன்று வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்லலாம். அவர் படிப்பில் மந்தமானவர் என்று உடன் பயின்றவர்கள் எண்ணினார்கள். அவரோ குருவின் துணிகளைத் துவைப்பது முதலிய பணிவிடைகளில் மனம் ஒன்றியிருந்தார். அவர் வருவதற்காகச் சங்கரர் பாடத்தைத் தொடங்காமல் காத்திருந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த நேரத்தில் குருவருளால் தோடக விருத்தத்தில் எட்டுச் சுலோகங்களைப் பாடிக்கொண்டே அவர் வந்தார் என்றும், அதனால் தோடகாசாரியர் என்று பெயர் பெற்றார் என்றும் மரபு கூறுகிறது. அந்தத் தோடகாஷ்டகம் இன்றும் குரு பூர்ணிமா அன்று பல இடங்களில் பாடப்படுகிறது.

நேரில் தரிசிக்கச் செல்லுதல்

குரு பூர்ணிமா அன்று எல்லா மடங்களிலும் ஆசிரமங்களிலும் கூட்டம் மிகுதியாக இருக்கும். ஆகவே சில நாள்களுக்கு முன்பே அலுவலகத்தில் விசாரித்து, தரிசன நேரம், உடை விதி, பாத பூஜைக்கு முன்பதிவு உண்டா என்பது, முதியவர்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்பது ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சில மடங்களில் ஆண்கள் மேல்சட்டையின்றி வேட்டியும் அங்கவஸ்திரமும் அணிந்தே முன்னே செல்ல வேண்டும்.

சங்கர மடங்களில் அன்று வியாச பூஜை நடக்கும். அட்சதையைப் பரப்பி, அதன்மேல் எலுமிச்சம்பழங்களை வைத்து, கிருஷ்ணர், வியாசர், சங்கரர் முதலியோரையும் குருபரம்பரையையும் அவற்றில் ஆவாகனம் செய்து (எழுந்தருளச் செய்து), பீடாதிபதி தாமே பூஜை செய்வார். நீண்ட நேரம் நடக்கும் பூஜை இது. இதைக் காணும் சீடன், தன் குருவும் ஒரு சீடராக அமர்ந்து தம் குருமாரை வணங்குவதைக் காண்கிறான். முதன்முறை செல்பவர்கள் தரிசனத்துக்கு மட்டும் வந்து திரும்பிவிடாமல், இயன்றவரை இந்தப் பூஜை முழுவதையும் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று அன்போடு வற்புறுத்துகிறேன்.

இனி, கொண்டு செல்ல வேண்டியவை. குருவையும் தெய்வத்தையும் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது பழைய விதி. ஓர் எலுமிச்சம்பழமே அந்த விதியை நிறைவேற்றப் போதுமானது. பழங்கள், உதிரிப் பூ, கற்கண்டு, தேன், பூஜைக்கான நெய் ஆகியவை எந்த இடத்திலும் பயன்படும். துறவியருக்கு வஸ்திரம் சமர்ப்பிக்க விரும்பினால் என்ன நிறம், என்ன அளவு என்று அவருக்குக் கைங்கரியம் செய்பவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அலங்காரப் பொருள்கள், பெரிய சட்டமிட்ட படங்கள், பொன்னாடைகள் போன்றவற்றைத் தவிர்த்துவிடலாம்.

முறை வரும்போது செருப்பு, பை, கைப்பேசி யாவும் வெளியே இருக்கட்டும். கொண்டுவந்ததைத் தட்டில் வைத்துக் காட்டிய இடத்தில் வையுங்கள். பிறகு ஆண்கள் சாஷ்டாங்கமாகவும் (உடல் முழுதும் தரையில் படிய விழுந்து) பெண்கள் பஞ்சாங்கமாகவும் (மண்டியிட்டுக் குனிந்து) வணங்குங்கள். கோத்திரமும் பெயரும் சொல்லி அபிவாதனம் செய்யும் வழக்கமுள்ளவர்கள், துறவியர் முன்னிலையில் அதைச் சொல்லக் கூடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நமஸ்காரம் மட்டுமே போதும். அனுமதியின்றித் திருவடிகளைத் தொட வேண்டாம். அவர் பூஜையில் இருக்கும்போதும், உணவருந்தும்போதும், படுத்திருக்கும்போதும் வணங்குவது முறையன்று. அவர் ஏதேனும் கேட்டால் ஒரு வாக்கியத்தில் விடை சொல்லுங்கள். எழுதி வைத்த குறிப்புகளில் ஒன்று அப்போது உதவும். பிரசாதத்தை வலக்கையில், இடக்கையைக் கீழே தாங்கிப் பெற்றுக்கொண்டு, பின்னால் நிற்பவருக்கு உடனே வழிவிட வேண்டும். சில நொடிகளில் முடிந்துவிட்டதே என்ற ஏக்கம் பலருக்கு வரும். அன்று அவர் முன் பெரும் வரிசை நிற்கிறது. அவருடைய உடல் களைப்பை நினைத்து விரைவாக நகர்வதும் பக்தியே ஆகும்.

காணிக்கையும் சேவையும்

காணிக்கையைப் பற்றித் தயக்கமின்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதியவர்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். உங்கள் மாத வருமானத்தில் குடும்பத்துக்கு இடையூறு நேராத தொகையை, வாழ்க்கைத்துணையோடு பேசி முடிவு செய்து, மடத்தின் அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ காணிக்கை கொடுக்கக் கூடாது. எவ்வளவு பணமோ அவ்வளவு அருள் என்று எவராவது சொன்னாலும், வீட்டாருக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்னாலும், தனியே வந்து சந்திக்கும்படி பெண்களையோ சிறுவர்களையோ அழைத்தாலும், அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். அப்படி விலகுவதில் எந்தக் குருத்துரோகமும் இல்லை. உண்மையான குருவிடம் சீடன் அச்சத்தால் எதையும் கொடுக்க நேராது.

பணம் இல்லாதவர்கள் வருந்த ஒன்றுமில்லை. பண்டிகை நாளில் ஆசிரமத்துக்கு உடல் உழைப்புதான் மிகவும் தேவைப்படும். காய் நறுக்குதல், பந்தி பரிமாறுதல், எச்சில் இலை எடுத்தல், பாத்திரம் கழுவுதல், செருப்புகளைப் பாதுகாத்தல், வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தல் என்று பணிகள் பல இருக்கும். பொறுப்பாளரிடம் சென்று, “எந்த வேலைக்கு ஆள் குறைவாக இருக்கிறது?” என்று கேளுங்கள். நமக்குப் பிடித்த பணியைத் தேர்ந்தெடுப்பதைவிட ஆள் குறைவான பணியை ஏற்பது மேலானது. சைவ மரபில் குருபூசையோடு மாகேசுவர பூசை என்ற பெயரில் அடியார்களுக்கு உணவளிப்பதும் இணைந்தே நடக்கும்.

குரு அருகில் இல்லாதவர்கள்

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள், ஆசிரமத்தில் பூஜை நடக்கும் நேரத்தைக் கேட்டறிந்து அதே நேரத்தில் வீட்டில் அமரலாம். நேரலை ஒளிபரப்பு இருந்தால் நேரில் இருப்பதைப் போலவே குளித்து, தரையில் அமர்ந்து, இடையில் எழாமல் பார்க்க வேண்டும்.

குரு சித்தியடைந்துவிட்டிருந்தால் அவருடைய அதிஷ்டானத்துக்கு, அதாவது சமாதி அமைந்த இடத்துக்குச் செல்லலாம். கரூரை அடுத்த நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரரின் அதிஷ்டானமும், காஞ்சிபுரத்தில் 1994இல் சித்தியடைந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் அதிஷ்டானமும், திருவண்ணாமலையில் 1950இல் மறைந்த ரமண மகரிஷியின் சமாதியும் அத்தகைய இடங்கள். அங்கே வலம் வந்து, வணங்கி, ஓர் ஓரமாக அமர்ந்து அவருடைய நூலில் ஒரு பகுதியைப் படித்துவிட்டு வருவது நல்ல முறை. திருவண்ணாமலைக்குச் செல்பவர்கள் பௌர்ணமிக் கிரிவலத்துக்காக ஊர் நிரம்பி வழியும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வலம் வரும் பாதை 14 கிலோமீட்டர்.

குரு இன்னும் அமையாதவர்கள் அன்று தட்சிணாமூர்த்தியையோ வியாசரையோ வணங்கலாம். ரமணருக்கு மனித வடிவில் குரு இருந்ததில்லை; அருணாசலமே அவருக்குக் குருவாக விளங்கியது. பாகவதத்தில் வரும் அவதூதரோ பூமி, காற்று, தேனீ, மலைப்பாம்பு என்று இருபத்து நான்கு குருமாரிடம் கற்றதாகச் சொல்கிறார். பள்ளியில் எழுத்தறிவித்த ஆசிரியரை அன்று தேடிச் சென்று வணங்குவதும் மிகப் பொருத்தமானதே. அவசரப்பட்டு யாரையேனும் குருவாக வரித்துக்கொள்ள மட்டும் வேண்டாம்.

நான்கு மாதச் சங்கல்பம்

குரு பூர்ணிமா அன்றுதான் துறவியர் சாதுர்மாஸ்யம் என்னும் நான்கு மாத விரதத்தைத் தொடங்குகிறார்கள். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் வெளிவந்து ஊர்வதால், நடக்கும்போது அவை மிதிபட்டு இறக்கக் கூடும். அதைத் தவிர்க்கவே அவர்கள் ஊர் ஊராகச் செல்வதை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார்கள். நான்கு மாதம் என்ற அந்தக் காலத்தை நான்கு பட்சங்களாக, அதாவது ஏறக்குறைய இரண்டு மாதங்களாகக் கொண்டு, சாந்திரமான பாத்ரபத மாதத்துப் பௌர்ணமியோடு முடிப்பது இப்போது சங்கர மடங்களின் வழக்கம். 2026இல் அந்தப் பௌர்ணமி செப்டம்பர் 26 அன்று வருகிறது. அன்று அவர்கள் தங்கியிருந்த ஊரின் எல்லையைக் கடந்து செல்லும் விசுவரூப யாத்திரை செய்து விரதத்தை நிறைவு செய்வார்கள். இந்த நாள்களில் குரு ஒரே ஊரில் தங்குவதாலும் தினமும் உபந்நியாசம் நடப்பதாலும், புதிய சீடர்கள் அவரை அணுகிக் கற்க இதைவிட ஏற்ற காலம் கிடைப்பது அரிது.

ஆகவே பண்டிகை நாளின் மாலையில், முன்பு தனிப் பக்கத்தில் எழுதி வைத்த உபதேசங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குருவின் படத்துக்கு முன் நின்று, இந்தக் காலம் முடியும் வரை இதைக் கடைப்பிடிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் அரை மணி நேர ஜபம், வாரம் ஒருநாள் மௌனம், யாரைப் பற்றியும் புறங்கூறாமை, ஒரு நூலைத் தொடர்ந்து படித்தல் என்று எதுவாகவும் இருக்கலாம். அளவு சிறியதாகவும் நாள்தோறும் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாள் அதிகமாகச் செய்து ஈடுகட்ட முயல வேண்டாம். வழக்கமான அளவிலேயே தொடருங்கள். விரத நிறைவு நாளில் இயன்றால் மீண்டும் நேரில் சென்று, ஓர் எலுமிச்சம்பழத்தோடு நமஸ்கரித்து, எதை எடுத்துக்கொண்டோம், எவ்வளவு நடந்தது என்று உள்ளபடி தெரிவித்து, அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.